லாரி ஒழுகுகிறது, ஊர் பேசுகிறது

பத்து லட்சம் கிலோமீட்டர் ஓடிய லாரியில் கூலன்ட் குறைந்தால் சங்ககிரியில் முதலில் திறப்பது கேபின் அல்ல, வாய். "ஹோஸ்தாண்ணே" என்பார் டீக்கடைக்காரர். "கேஸ்கெட் போச்சு" என்பார் பஞ்சர் ஒட்டுபவர். ஓனரோ போனிலேயே, "தண்ணிய ஊத்திட்டு வா, பாத்துக்கலாம்" என்று முடித்துவிடுவார். மஞ்சள்தூள் வைத்தியமும் உண்டு. ரேடியேட்டரில் போட்டால் ஓட்டை அடைபடுமாம். அடைபடும்தான், கூடவே ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களும்.

கசிவுக்குக் கூச்சம் அதிகம். சூடான இன்ஜினில் சொட்டு கீழே விழுமுன் ஆவியாகிவிடும். மிச்சம் ஒரு வெளிறிய தடம். வாட்டர் பம்பின் அடியில் ஒரு சிறு துளை உண்டு. உள்ளே சீல் தேய்ந்தால் ஒழுகிக் காட்டிக்கொடுக்கவே அது இருக்கிறது. நம்மாட்கள் அதைப் பசை வைத்து அடைப்பார்கள். பேரிங் போனதும் கம்பெனியைத் திட்டுவார்கள். வெளியே எங்கும் ஈரமில்லை, டிப்ஸ்டிக்கில் ஆயில் மட்டும் பால் டீ நிறத்தில் வருகிறதென்றால் தண்ணீர் உள்ளே போகிறது என்று சந்தேகிக்கலாம்.

இன்ஜின் ஆறியபின் ரேடியேட்டர் மூடியைக் கழற்றி, கைப்பம்பால் அழுத்தம் ஏற்றிப் பார்த்தால் பெரும்பாலும் இடம் தெரிந்துவிடும். அதற்கு லாரி நிற்க வேண்டுமே! லோடு ஏறியாயிற்று.