கோப்பெங் ரசிகர் வரலாறு: தணிக்கையில் தப்பிய பிரதி

ஈப்போவுக்குத் தெற்கே இருபது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கோப்பெங்குக்கு வரலாறு உண்டு. அதை நன்றாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். ஈயம் கிடைத்தது. வெள்ளைக்காரன் வந்து மலையிலிருந்து குழாய் போட்டுத் தண்ணீரை இறக்கி மண்ணைக் கரைத்தான். அதற்கு முன்பே சீனர்கள் வந்திருந்தார்கள், 1879இல் யூ கோங் என்பவர் இங்கே திறந்த மருந்துக்கடைதான் பிற்பாடு யூ யான் சாங் என்ற பெரிய நிறுவனமானது. அப்புறம் ரப்பர், அப்புறம் செம்பனை. இடையில் ஒரு வரி: தமிழர்களும் வந்தார்கள், மரம் சீவினார்கள். அதோடு வரலாறு பக்கத்தைத் திருப்பிவிடும்.

மரம் சீவிய தமிழன் சாயங்காலம் என்ன செய்தான் என்று எந்த ஆய்வாளரும் கேட்கவில்லை. படம் பார்த்தான். மறுநாள் பூரா அதைப் பற்றிப் பேசினான். அதுதான் விட்டுப்போன அத்தியாயம்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். எவ்வளவு சம்பளம் வேண்டும் என்று தோட்டத்தில் அவனை யாரும் கேட்டதில்லை. லயத்து வீட்டில் எத்தனை அறை போதும் என்று கேட்டதில்லை. விடியற்காலையில் ஆளெண்ணும் பெரட்டுக்கு எத்தனை மணிக்கு வர வசதி என்று கேட்கவே மாட்டார்கள். மனுஷனிடம் அபிப்பிராயம் கேட்ட ஒரே கேள்வி, "படம் எப்படி?" வாழ்நாளில் கேட்கப்பட்ட ஒரே கேள்விக்கு ஒரு வார்த்தையில் பதில் சொல்லிவிட்டுப் போவானா? மூன்று நாள் சொன்னான். தோட்டத்துத் துரையைப் பற்றிச் சொல்ல முடியாததெல்லாம் வில்லன் நம்பியார் தலையில் விழுந்தது.

இந்த வட்டாரத்தின் முதல் பிரம்மாண்டத் தயாரிப்பாளர் சினிமாக்காரரே இல்லை. வில்லியம் கெல்லி ஸ்மித், ஸ்காட்லாந்துக்காரர். 1890இல் இருபது வயசில் மலாயாவுக்கு வந்து ரப்பரில் காசு பார்த்தவர். கிந்தா கெல்லாஸ் என்பது அவருடைய தோட்டம். 1915இல் மகன் பிறந்த சந்தோஷத்தில், இருந்த வீட்டைக் கோட்டையாக்கக் கிளம்பினார். செங்கல்லும் பளிங்கும் இந்தியாவிலிருந்து, கொத்தனார்கள் மதராஸிலிருந்து. ஆறு மாடிக் கோபுரம், அதற்குள் மலாயாவில் எவனும் கண்டிராத லிஃப்டு. பட்ஜெட்டைப் பற்றிக் கவலைப்படாத தயாரிப்பாளர்களுக்கு என்ன ஆகும் என்பது கோடம்பாக்கத்துக்குத் தெரியும். கோப்பெங்குக்கு அதற்கு முன்னாலேயே தெரிந்துவிட்டது.

முதல் உலகப்போரின் வாலைப் பிடித்து ஸ்பானிஷ் காய்ச்சல் வந்தது. வேலையாட்கள் ஒவ்வொருவராகச் சாய்ந்தார்கள். மிஞ்சியவர்கள் துரையிடம் போய், ஆத்தாளுக்கு ஒரு கோயில் கட்டினால்தான் விமோசனம் என்றார்கள். துரை ஒப்புக்கொண்டார். அரண்மனை வேலை நின்றது. மாரியம்மன் கோயில் எழும்பியது. கோயிலின் உச்சியில் தெய்வங்களுக்கு நடுவே கோட்டும் தொப்பியுமாக ஒருத்தர் நிற்கிறார். அவர்தான் கெல்லி துரை என்கிறார்கள். தயாரிப்பாளருக்குக் கௌரவ வேடம் கொடுக்கும் வழக்கம் அன்றைக்கே இருந்திருக்கிறது. 1926இல் துரை லிஸ்பன் நகரில் நிமோனியாவில் காலமானார். லிஃப்டு வாங்கப் போனார் என்று ஒரு கதை. வீட்டம்மா சொத்தை விற்றுவிட்டு ஊர் போய்ச் சேர்ந்தார். கோயிலில் பூசை நடக்கிறது. கோட்டையில் கூரை வேலைகூட முடியவில்லை.

உள்ளூர்த் தீர்ப்பு இன்றுவரை மாறவில்லை: "செட்டு பிரமாதம்லா. கதைதான் இடைவேளையோட நின்னு போச்சு."

நின்றுபோன செட்டுக்கு எழுபது வருஷம் கழித்து வேலை வந்தது. 1999இல் ஹாலிவுட்காரர்கள் 'அன்னா அண்ட் தி கிங்' எடுத்தார்கள். கதை சயாம் ராஜாவுடையது. தாய்லாந்து உள்ளே விடவில்லை. ஆகவே இங்கே வந்தார்கள். தமிழ்க் கொத்தனார் கட்டிய ஸ்காட்லாந்துக்காரரின் கோட்டையைச் சுற்றி, ஹாங்காங் நடிகர் சௌ யுன் ஃபாட் சயாம் ராஜாவாக நடித்த அமெரிக்கப் படம். முடிந்த படத்தைத் தாய்லாந்து தடையும் செய்தது. கட்டினதற்குப் பேர் போட்டார்களா என்று மட்டும் நம் ஆட்கள் கடைசி வரை உட்கார்ந்து பார்த்தார்கள். போடவில்லை.

சரி, நிஜப் படத்துக்கு வருவோம். 1931இல் 'காளிதாஸ்' பேசத் தொடங்கியது. சீக்கிரமே தமிழ்ப் பேசும்படங்கள் கப்பலேறி மலாயாவுக்கும் வந்தன. படம் பார்க்க இரண்டு வேண்டும்: கையில் காசு, தோட்டத்தை விட்டு வெளியே போக நேரம். தோட்டக்காரர்களுக்கு இரண்டும் ஒன்றாகச் சேர்ந்தது சம்பள நாளில் மட்டும்தான். அன்றைக்குக் கள்ளுக்கடையும் போட்டிக்கு நின்றது. கள்ளுக்கடையைத் தோட்டமே நடத்தியதால் கொடுத்த சம்பளம் நடந்தே திரும்பி வந்தது. சினிமாவுக்குப் போன காசு திரும்பாது. சினிமா கெட்ட பழக்கம் என்று மேலிடத்தில் சிலருக்குத் தோன்றியதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

1941 டிசம்பரில் ஜப்பான்காரன் வந்தான். மதராஸ் பிராட்வே தியேட்டரில் 'ஹரிதாஸ்' 1944 தீபாவளிக்கு வெளியாகி மூன்று தீபாவளி கண்டுகொண்டிருந்தபோது இங்கே மரவள்ளிக்கிழங்குதான் தீபாவளி. தோட்டங்களிலிருந்து சயாம் ரயில் போட ஆட்களை ஏற்றிக்கொண்டு போனார்கள். போனவர்களில் ரொம்பப் பேர் திரும்பவில்லை. எதையும் விட்டுவைக்காத கோப்பெங் விமர்சகர்கள் அந்தப் பகுதிக்கு மட்டும் விமர்சனம் சொல்வதில்லை.

போர் முடிந்து இந்தியத் தபால் வரத் தொடங்கியபோது, 'ஹரிதாஸ்' ஓடோ ஓடென்று ஓடும் செய்தியும், அதன் நாயகன் பாகவதர் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் ஜெயிலில் இருக்கும் செய்தியும் சேர்ந்தே வந்தன. எதை முதலில் நம்புவது என்பதே ஒரு மாத விவாதம்.

அடுத்து வந்தது அவசரகாலம், 1948இலிருந்து 1960 வரை. காட்டில் கம்யூனிஸ்டுகள், ரோட்டில் ராணுவம், நடுவே ஊரடங்கு. மக்கள் மனதை வெல்லப் படம் காட்டலாம் என்று சர்க்கார் முடிவு செய்தது. 1946இலேயே மலாயன் பிலிம் யூனிட் தயாராக இருந்தது; தகவல் இலாகா வேன்கள் தோட்டம் தோட்டமாகப் புறப்பட்டன. முதலில் சுகாதாரப் படம்: கொசு எங்கே முட்டையிடும், கை எப்படிக் கழுவ வேண்டும். அடுத்தது சரணடைந்தவன் நலமாக வாழும் படம். ரசிகர்கள் பொறுமையாகப் பார்த்தார்கள்.

"கொசு நல்லா நடிச்சிருக்கு."

"அந்தக் கம்யூனிஸ்டுக்காரன் சட்டை காட்டுல இருந்து வந்த மாதிரியா இருக்கு? இஸ்திரி போட்டிருக்கான் பாரு மாமா."

"சண்டை இருக்கா?"

கடைசிக் கேள்விதான் இந்த வட்டாரத் திரைப்பட விமர்சனத்தின் அடிப்படை அலகு. சாம்ராஜ்யங்கள் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாமல் போயிருக்கின்றன.

தோட்டத்தில் படம் போடும் நாள் தனி. திடலில் பந்தடிக்கும் கம்பத்தில் வெள்ளைத்துணியை இழுத்துக் கட்டுவார்கள். முன்வரிசையில் நாற்காலி: துரை, கிராணியார், அவர்கள் குடும்பம். பின்னால் பாய். அதற்கும் பின்னால் நின்றபடி இளவட்டம். இடம் கிடைக்காத பிள்ளைகள் துணிக்கு மறுபக்கம் போய்ப் புல்லில் உட்காரும். அங்கே எழுத்தெல்லாம் இடம்வலம் மாறி ஓடும்; எம்.ஜி.ஆர் இடது கையால் வாள் வீசுவார். வாத்தியார் இடதுகைக்காரர் என்று சத்தியம் செய்த ஒரு தலைமுறையே உண்டு. ஒரே புரொஜெக்டர் என்றால் ரீல் மாற்றும்போதெல்லாம் இருட்டு. அந்த இருட்டில்தான் கச்சாங் பூத்தே கடலைப் பொட்டலம் கைமாறும்; முதல் ரீலுக்கான தீர்ப்பும் வெளியாகும்.

தீர்ப்பு சொல்வதில் பெண்களை யாரும் மிஞ்ச முடியாது. விடியுமுன் எழுந்து சோறாக்கி, பிள்ளையை ஆயாக்கொட்டகையில் விட்டு, நிரைக்குப் போய் மரம் சீவி, பால் தூக்கி வந்தவர்கள். கதாநாயகி நாலு ரீலாக அழுதுகொண்டே இருந்தால் அவர்களுக்குப் பொறுக்காது. "எழுந்து ஒரு வேலையப் பார்த்தா அழுகை நிக்கும்" என்பார்கள். எத்தனையோ சோகக் காவியங்கள் அந்த ஒரு வரியில் அடிபட்டுப் போயின.

1959இல் வந்த 'வீரபாண்டிய கட்டபொம்மன்' தோட்டத் திடல்களுக்கு வந்தபோது ஒரு நுட்பமான சிக்கல். நாடு சுதந்திரம் வாங்கி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. துரைகள் இன்னும் வெள்ளைதான். திரையில் சிவாஜி ஜாக்சன் துரையை வாங்கு வாங்கென்று வாங்குகிறார். முன்வரிசை நாற்காலியில் இன்னொரு துரை. புரியாது என்றும் தைரியமாக இருக்க முடியாது. தோட்ட நிர்வாகிகள் தமிழ்ப் பரீட்சை எழுதித் தேற வேண்டிய காலம் அது. ஆனால் பரீட்சைத் தமிழ் வேலை வாங்கும் தமிழ்: வா, போ, வெட்டு, சீக்கிரம். சிவாஜி தமிழ் பாடத்திட்டத்தில் கிடையாது. ஆகவே பாயில் உட்கார்ந்தவர்கள் வயிறாரக் கைதட்டினார்கள். கூட்டம் சந்தோஷமாக இருக்கிறதே என்று நாற்காலியும் சேர்ந்து தட்டியிருந்தால் ஆச்சரியமில்லை. ஜாக்சனாக நடித்தவர் சி.ஆர். பார்த்திபன் என்ற தமிழர் என்று தெரிந்ததும் விமர்சகர்களுக்கு மனசு இளகியது: "நம்ம ஆளுதான். துரை வேஷத்துல கொஞ்சம் நல்லா நடத்தியிருக்கலாம்."

எம்.ஜி.ஆர் கட்சி, சிவாஜி கட்சி என்று லயம் இரண்டாகப் பிரிந்தது எல்லாருக்கும் தெரிந்த கதை, நீட்ட வேண்டாம். ஒன்று மட்டும். சிவாஜி கட்சிக்காரர் நடிப்பைப் பற்றிப் பேசுவார். எம்.ஜி.ஆர் கட்சிக்காரர் வாத்தியாரின் நல்ல குணத்தைப் பற்றிப் பேசுவார். இரண்டு பேரும் ஒரே விஷயத்தைப் பேசாததால் சண்டைக்கு முடிவே வராது. கல்யாணப் பேச்சு வந்தால் மட்டும் தற்காலிகப் போர்நிறுத்தம்.

மலாய்ப் படத்திலும் நம் ரசிகர்கள் பங்கு கேட்டார்கள். பி. ராம்லி முதன்முதலில் கதாநாயகனாக நடித்த 'பக்தி' 1950இல் வந்தது. இயக்கியவர் மதராஸில் பிறந்த எல். கிருஷ்ணன். இது தெரிந்த பெரியவர்கள் ராம்லி படம் தொலைக்காட்சியில் ஓடும்போதெல்லாம், "நம்ம ஆளு சொல்லிக் கொடுத்தது" என்று மலாய்க்கார நண்பரிடம் சொல்லத் தவறுவதில்லை. நண்பரும் சிரித்துக்கொண்டே, "ஆனா பாட்டு எங்க ஆளுது" என்பார். இன ஒற்றுமைக்கு சர்க்கார் செலவழித்த காசைவிட இது மலிவு.

1985 அக்டோபரில் உலக ஈயச் சந்தை ஒரே நாளில் படுத்தது. கிந்தா பள்ளத்தாக்கில் லம்பங்கள் என்ற ஈயச் சுரங்கங்கள் மூடின. ஈயக்குட்டைகள் மீனுக்கும் தாமரைக்கும் போயின. ரப்பர் மரத்தைச் சாய்த்துச் செம்பனை நட்டார்கள். செம்பனைக்கு அவ்வளவு ஆள் வேண்டாம். லயம் காலியாகிப் பட்டணத்து ஓரங்களுக்கு நகர்ந்தது. ஏறக்குறைய அதே காலத்தில் வீடியோ டேப் வந்து, பிறகு 1996இல் ஆஸ்ட்ரோ வானவில் தமிழ் அலைவரிசையும் வந்தது. பொருளாதார நிபுணர்கள் வேலையிழப்பைக் கணக்கெடுத்தார்கள். திடல் விமர்சகர் அத்தனை பேரும் அவரவர் வீட்டுக் கூடத்துக்குள் பதவியிழந்ததை யாரும் கணக்கெடுக்கவில்லை. கூடத்தில் கருத்துச் சொன்னால் பேரப்பிள்ளை, "உஷ், தாத்தா!" என்கிறது. ஜப்பான்காரன்கூட அப்படிச் சொன்னதில்லை.

பதவி போனவர்கள் ஒட்டுக்கடைத் தேநீர் மேசைக்கு வந்து சேர்ந்தார்கள். 2016இல் 'கபாலி' வந்தபோது அங்கே நடந்தது சட்டமன்றக் கூட்டம். ரஜினி மலேசியத் தமிழனாக வருகிறார், தோட்டத் தொழிலாளிக்காகப் பேசிய ஆளாம், நம்ம கதை! முதல் வாரமே ஈப்போவுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள்.

"கோட்டு நல்லா இருக்கு. ஆனா இந்த வெயில்ல கோட்டு போட்டா மனுஷன் நிப்பானா?"

"ரஜினி நிப்பாரு."

"முடிவு என்னாச்சு?"

"நம்ம ஊருல கடைசியில எழுதிப் போட்டுட்டாங்க, போலீசுல சரணடைஞ்சிட்டாருன்னு."

மேசையில் கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம் மூத்தவர் ஒருத்தர் தே ஓ குவளையைக் கீழே வைத்தார். "பழைய வேன் படம் மாதிரியே இருக்கு. சட்டைக்கு இஸ்திரி வேற போட்டிருக்காரு."

'கபாலி'க்கு முந்தின வருஷக் கடைசியில் சஞ்சய் குமார் பெருமாள் இயக்கிய 'ஜகாட்' வந்திருந்தது. கோட்டும் இல்லை, வெளிநாட்டுப் பாட்டும் இல்லை. தோட்டத்திலிருந்து விரட்டப்பட்ட குடும்பம், தொண்ணூறுகளில் வழி தவறும் பையன். "நம்ம பக்கத்து வீட்டையே காசு கொடுத்துப் பார்க்கச் சொல்றானே" என்று முதலில் அலுத்துக்கொண்டார்கள். பார்த்தவர்கள் பிறகு அதைப் பற்றி அதிகம் பேசவில்லை. இந்த ஊரில் அது பெரிய பாராட்டு.

தேசியத் திரைப்பட விழாவில்தான் குழப்பம். மலாய் பேசாத படத்தை எந்தப் பிரிவில் வைப்பது, தமிழ் பேசும் படம் மலேசியப் படமா என்று 2016இல் பெரிய சர்ச்சை. எதிர்ப்பு வந்து, விதியை மாற்றி, கடைசியில் 'ஜகாட்' படத்துக்கே சிறந்த மலேசியப் படம் விருது கொடுத்தார்கள். இவ்வளவு சிரமப்பட்டிருக்க வேண்டாம். கோப்பெங்கில் ஒரு தே தாரேக் வாங்கிக் கொடுத்துக் கேட்டிருந்தால் பத்து நிமிஷத்தில் தீர்ப்பு கிடைத்திருக்கும். என்ன, "இருந்தாலும் சண்டை பத்தல" என்று ஒரு வரியைச் சேர்த்துத்தான் கையெழுத்துப் போட்டிருப்பார்கள்.