புல்வெட்டி நிர்ணயம்: பரபக்கமும் சுபக்கமும்

இவ்வாய்வு நுதலிய பொருள் யாதோ எனின், வீட்டு வாசலில் கையகலப் புல்தரை வைத்திருப்பவர் அதை வெட்ட எந்த இயந்திரம் வாங்குதல் தகும் என்பது. இதற்கெல்லாம் ஓர் ஆய்வா என்று முகம் சுளிப்போர் தம் வீட்டு டிரெட்மில்லை ஒருமுறை பார்த்து வருக. அதில் துணியாவது காயப்போடலாம். புல்வெட்டியில் அதுவும் முடியாது.

முதற்கண் புல் யாது எனத் துணிதல் வேண்டும். தொல்காப்பிய மரபியல், வெளியே வயிரம் உடையதைப் புல் என்றும் உள்ளே வயிரம் உடையதை மரம் என்றும் வகுக்கிறது. அந்நெறிப்படி பனையும் தென்னையும் புல். எனவே தொல்காப்பியம் கற்றவர் கடைக்காரரிடம், "இது எத்தனை அடி உயரப் புல் வரை தாங்கும்?" என்று கேட்க முழு உரிமை உடையவர். கடைக்காரர்கள் பெரும்பாலும் நவீனத் தாவரவியல் கட்சியினர். மூங்கில் மட்டும் புல் என்று ஒத்துக்கொள்வார்கள். அதற்கும் வாரண்டி தரமாட்டார்கள்.

ஆகவே அருகம்புல்லோடு அமைவோம். பிள்ளையாருக்குச் சாத்தும் இதே அருகுதான் அமெரிக்கத் தென் மாநிலங்களின் கோல்ஃப் மைதானங்களில் பெர்முடா புல் என்ற பெயரில் உலவுகிறது. தரைக்கு மேல் ஒரு தண்டு ஓடும். தரைக்குக் கீழ் இன்னொன்று ஓடும். மணமக்களை அருகுபோல் வேரோடச் சொல்லி வாழ்த்திய பெரியவர்கள் களை எடுத்துக் கை சலித்தவர்களாகவே இருக்கவேண்டும். புல்லின் வளர்முனை மண்ணோடு ஒட்டி அடியில் இருப்பதால் நுனியை அரிந்தால் அது சாவதில்லை. பக்கவாட்டில் கிளைத்து இன்னும் அடர்கிறது. புல்லை ஒடுக்கவே புல்வெட்டி வாங்குகிறேன் என்பார் ஒரு சாரார். அற்றன்று. வாங்குவது அதன் வளர்ச்சிக்குச் செய்யும் பணிவிடை என்க.

இனி இயந்திரத்தின் ஆதி. இங்கிலாந்தில் ஸ்ட்ரௌட் நகரை அடுத்த திரப் என்னும் ஊர் கம்பளி ஆலைகள் நிறைந்த வட்டாரம். நெய்த துணியின் மேல் எழும் பிசிறை உருளைக் கத்தியால் சீவும் பொறி அங்கே இருந்தது. அதைப் பார்த்த எட்வின் பட்டிங் என்ற பொறியாளர், துணிக்கு ஆனது தரைக்கு ஆகாதா என எண்ணி, 1830 ஆகஸ்ட் 31-இல் காப்புரிமை பெற்றார். 19 அங்குல அகலம், இரும்புச் சட்டம், பின்னால் தள்ள ஒருவர், வேண்டுமானால் முன்னால் இழுக்க இன்னொருவர். முதலில் வாங்கியவற்றுள் ஒன்று லண்டன் ரீஜென்ட்ஸ் பார்க் விலங்குக்காட்சிச் சாலை. புல் தின்னும் விலங்குகளைக் கூண்டில் பூட்டிவிட்டுப் புல் வெட்ட இரும்பு வாங்கிய முதல் நிறுவனம் என்ற பெருமையை அதற்கே தரலாம். காப்புரிமை ஆவணத்தில் பட்டிங் இன்னொன்றும் சொன்னார்: கிராமத்துக் கனவான்கள் தாமே இதைத் தள்ளினால் பொழுதும் போகும், உடம்புக்கும் நல்லது என்று. கூலி கொடுத்துச் செய்விக்கும் வேலையைக் காசு கொடுத்துத் தானே செய்யலாம் என்று மனிதனை நம்பவைத்த விற்பனைக் கலை இது. இன்றுவரை இதை விஞ்சியவர் இலர்.

பின்வந்த கொள்கைகள் பல. சைவ சித்தாந்த மரபு சமயங்களை வகுத்த முறையில் இவற்றை நான்காக அடக்கலாம்.

புறப்புறச் சமயத்தார் ஆட்டுவாதிகள். இவர்கள் இயந்திரத்தையே மறுப்பவர். முதல் உலகப் போரின்போது அதிபர் உட்ரோ வில்சன் வெள்ளை மாளிகைப் புல்வெளியில் செம்மறிகளை மேயவிட்டார். அவற்றின் கம்பளியை ஏலம்விட்ட பணம் செஞ்சிலுவைச் சங்கத்துக்குப் போயிற்று. 2009-இல் கூகுள் நிறுவனம் தன் கலிஃபோர்னியா வளாகத்தைச் சுத்தம் செய்ய சுமார் 200 ஆடுகளை வாடகைக்கு எடுத்தது. நம் ஊரில் வயலில் கிடை போட ஆட்டுக்காரருக்கு விவசாயி கூலி கொடுப்பதும் உண்டு. எருவும் தரும் புல்வெட்டி உலகில் ஆடு ஒன்றே. ஆயினும் இக்கொள்கை நிற்காது. என்னை? ஆட்டுக்குப் புல்தரை இதுவரை, செம்பருத்தி இதற்கப்பால் என்ற விவேகம் இல்லை. குரோட்டன்ஸ் தொட்டியையும் முடித்துவிட்டு, கொடியில் காயும் வேட்டியை நோக்கி நடக்கும்.

இவர்களுக்குள்ளேயே ஒரு கிளை, சும்மா இருத்தலே சுகம் என்னும் மோனவாதிகள். பிரிட்டனில் பிளான்ட்லைஃப் என்ற அமைப்பு, மே மாதம் முழுதும் புல்லை வெட்டாதீர்கள் என்று இயக்கமே நடத்துகிறது. அங்கே வெட்டாமல் விட்டால் பூ பூக்கிறது, தேனீ வருகிறது. சென்னையில் நவம்பரில் வெட்டாமல் விட்டால் சாரைப்பாம்பு வருகிறது. தத்துவம் தட்பவெப்பத்துக்குக் கட்டுப்பட்டது.

புறச் சமயம் விலங்கும் நீராவியும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் குதிரை பூட்டி இழுத்தார்கள். குளம்புத் தடம் பதியாதிருக்கக் குதிரைக்குத் தோல் காலணி மாட்டினார்கள். ஆக்ராவில் தாஜ்மகால் புல்வெளியை மாடு பூட்டிய இயந்திரம் வெட்டும் படம் பலரும் பார்த்திருக்கலாம். 1893-இல் ஜேம்ஸ் சம்னர் நீராவிப் புல்வெட்டிக்குக் காப்புரிமை பெற்றார். கொதிகலன் சூடேறக் காத்திருக்கும் நேரத்தில் புல் இன்னும் ஓர் இலை விட்டிருக்கும். விடுக.

அகப்புறச் சமயம் சுழல்வாதம்; இன்று கடைகளை ஆள்வது இதுவே. 1952-இல் ஆஸ்திரேலியாவில் பிறந்த விக்டா இதற்குப் புகழ் சேர்த்தது. தரைக்கு இணையாக ஒரே அலகு அதிவேகமாகச் சுழலும். நுட்பம் இங்கேதான் உள்ளது: சுழல் அலகு அரிவதில்லை, அடிக்கிறது. முனை மழுங்கினால் புல் நுனி கிழிந்து இரண்டாம் நாள் வெளுத்துப்போகும். உயர்ந்து சாய்ந்த புல்லையும் விடாது என்பது இதன் நற்குணம். பெட்ரோல் வகை, ஞாயிறு காலை ஆறு மணிக்குத் தெருவையே எழுப்பும். வயர் வகை, புல்லுக்கும் வயருக்கும் பேதம் காணாத அத்வைதி, உயிராபத்து, வேண்டாம். பேட்டரி வகை நல்லது. முந்தின இரவு சார்ஜ் போட மறக்காத குடும்பத்துக்கு. 1995-இல் ஹஸ்க்வார்ணா நிறுவனம் வெளியிட்டதிலிருந்து தானே ஓடும் ரோபோ வகையும் உண்டு. செருப்பு, விழுந்த தென்னை மட்டை, படுத்திருக்கும் தெருநாய் ஆகிய மூன்றும் இல்லாத முற்றத்துக்கு அதைப் பரிந்துரைக்கலாம். தோளில் மாட்டும் பிரஷ் கட்டர் வரப்புக்கும் சாலையோரத்துக்கும் உரியது. வீட்டு வாசலில் அதை ஓட்டினால், எதிர்வீட்டுக் கார்க் கண்ணாடியின் விலை தெரியவரும்.

அகச் சமயம் பட்டிங்கின் உருளை. திருகிய அலகுகள் அடியில் உள்ள நிலைக்கத்தியைத் தொட்டுச் சுழல, கத்தரிக்கோல் போலப் புல் அரிபடும். விம்பிள்டன் ஆடுகளப் புல் 8 மில்லிமீட்டர் உயரத்தில் நிற்பது உருளையின் தயவால். தாழ்ந்து அடரும் அருகுக்கும் இதுவே ஏற்றது. கொரியன் புல்லின் இலை விறைப்பானது. கத்தியைக் கூராக வைத்திருந்தால் அதுவும் வழிக்கு வரும். குறை இல்லாமல் இல்லை. ஒரு கூழாங்கல் சிக்கினால் நின்றுவிடும். மழைக்குப்பின் மூன்று வாரம் விட்டுவிட்டால், புல் தலைசாய்ந்து வழிவிட, உருளை அதன்மேல் ஊர்ந்து போகும். உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே தடவையில் வெட்டாதே என்பது புல்வெளிக்காரர்கள் யாவரும் ஒப்பிய விதி. அதைக் கடைப்பிடித்தால் இக்குறை எழாது.

ஈண்டு ஒரு கணக்கு. ஒரு சென்ட் என்பது 435.6 சதுர அடி. 12 அங்குல அகல உருளையால் அதை வெட்ட ஏறக்குறைய 436 அடி நடக்கவேண்டும். 19 அங்குலப் பெரிய இயந்திரம் வாங்கினால் 275 அடி. கூடுதல் பணத்துக்குக் கிடைத்த லாபம் 160 அடி நடை. டீக்கடை அதைவிடத் தூரம். ஐந்து சென்ட் என்றாலும் முக்கால் கிலோமீட்டருக்குள் அடங்கும். விடியலில் மெரினாவில் இதைப்போல் பல மடங்கு வேகநடை போட்டு, வீடு திரும்பியதும் புல்வெட்டிக்கு மோட்டார் உண்டா என்று விசாரிப்பவரை எந்தச் சமயத்திலும் சேர்க்க இயலவில்லை.

ஆகலின் துணிபு இது. ஐந்து சென்ட் வரை கையால் தள்ளும் உருளை. அதற்கு மேலும், மேடுபள்ளமான தரைக்கும், பேட்டரிச் சுழல். ஏக்கர் கணக்கில் இருப்பவர் ஆள் வைத்துக்கொள்வார், அவருக்கு இக்கட்டுரை வேண்டா. உருளை வாங்கப் போகும்போது பழைய செய்தித்தாளில் ஒரு கீற்றுக் கிழித்து எடுத்துச் செல்லுங்கள். அதை அலகுக்கும் நிலைக்கத்திக்கும் இடையே பிடித்து, விரலை விலக்கிவைத்து, உருளையை மெல்லச் சுழற்றச் சொல்லுங்கள். ஒரு முனை முதல் மறுமுனை வரை தாள் சுத்தமாக அரிபட வேண்டும். மடிந்து கசங்கினால், எவ்வளவு தள்ளுபடி சொன்னாலும் வாங்காதீர்கள்.