மாத்தூர் வட்டாரத்தில் ‘டூ’, ‘வெரி’, ‘ஓவர்’: ஒரு முதற்கட்ட ஆய்வு

வெரி, டூ, ஹைலி, குவைட் என்று ஆங்கிலத்தில் ஒரு பண்பை ஏற்றியும் இறக்கியும் காட்டும் சொற்கள் உண்டு. இவற்றை நம்மவர்கள் இஷ்டத்துக்கு அள்ளி வீசுகிறார்கள் என்பது ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு நடத்துவோரின் நெடுநாள் புகார். புகாருக்கான சான்றுகள் பெரும்பாலும் அடையாறு, அண்ணா நகர் பக்கம் திரட்டப்பட்டவை. மணலிக்கும் மாதவரத்துக்கும் நடுவிலுள்ள மாத்தூரை யாரும் எட்டிப் பார்த்ததாகத் தெரியவில்லை. பார்த்திருந்தால் புகார் தலைகீழாகியிருக்கும். அளவுச் சொல்லை அளந்து பேசுபவர் மாத்தூர்க்காரர், அளக்காமல் கொட்டுபவர் கான்வென்ட்டில் படித்தவர் என்பதே இவ்வாய்வின் கருதுகோள்.

முதல் களம் டீக்கடை. காலை ஷிப்ட்டுக்குப் போகிறவர் கிளாஸைக் கையில் வாங்குமுன் அளவுச் சொற்கள் வரிசையாக வந்து விழும்: ‘லைட்டா’, ‘மீடியமா’, ‘ஸ்ட்ராங்கா’, ‘சக்கர கம்மியா’, ‘சக்கர தூக்கலா’. இதில் தூக்கல் என்பது வாடிக்கையாளர் விரும்பிக் கேட்கும் மிகுதி. அதே சர்க்கரை இன்னும் அரை ஸ்பூன் கூடிப்போனால் சொல் மாறிவிடும். “மாஸ்டர், இன்னாபா இது, சக்கர ஓவரா கீது!” கிளாஸ் மேசைக்குத் திரும்பும், மாஸ்டர் டிகாக்‌ஷன் சேர்த்து ஒருமுறை தூக்கி ஆற்றித் தருவார். ஆக, விரும்பிய மிகுதிக்கு ஒரு சொல், எல்லை மீறிய மிகுதிக்கு இன்னொரு சொல்.

ஆங்கில இலக்கண நூல்கள் வெரிக்கும் டூவுக்கும் இடையே போடும் கோடு இதுதான். டீ ‘வெரி ஹாட்’ என்றால் ஊதிக் குடிக்கலாம். ‘டூ ஹாட்’ என்றால் குடிக்க முடியாது. இந்த வேறுபாட்டை மாத்தூர் டீக்கடை எந்த வகுப்புக்கும் போகாமல் கடைப்பிடிக்கிறது. ‘டூ மச்சா பண்றான்’ என்பதும் இங்கே குற்றச்சாட்டாக மட்டுமே புழங்குகிறது. அந்தச் சொல்லால் யாரையும் பாராட்டுவதில்லை. கல்யாணப் பந்தியில் பிரியாணியை வழித்துத் தின்றுவிட்டு ‘டூ குட்’ என்று புகழ்பவர்தான், இலக்கணப்படி, சுவை தாங்க முடியாமல் பந்தியை விட்டு எழுந்திருக்க வேண்டியவர். அவர் இரண்டாம் முறை வாங்கிக்கொண்டிருக்கிறார்.

‘ஓவர்’ முறையான அளவுச் சொல்லே அல்ல என்று ஒரு மறுப்பு எழலாம். துறைமுகத்துக்கு டிரெய்லர் ஓட்டுகிறவரிடம் அதைச் சொல்லிப் பார்க்க வேண்டும். 2019 திருத்தத்துக்குப் பிந்தைய மோட்டார் வாகனச் சட்டப்படி ஓவர்லோடுக்கு அபராதம் 20,000 ரூபாய், கூடுதலாக ஏற்றிய ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000. இத்தனை துல்லியமாக விலை குறிக்கப்பட்ட அளவுச் சொல் அகராதியில் அபூர்வம்.

அடுத்த சான்று 200 அடி சாலையில் தானே நகர்ந்து வருகிறது. டேங்கர் லாரியின் முதுகில் ‘ஹைலி இன்ஃப்ளேமபிள்’ என்று எழுதியிருக்கும். ‘இன்’ என்ற முன்னொட்டைப் பார்த்து, இது தீப்பிடிக்காத சரக்கு என்று வெள்ளைக்காரர்களே நினைத்துவிடுவார்களோ என்ற கவலை அமெரிக்கத் தேசியத் தீத்தடுப்புச் சங்கத்துக்கு 1920-களிலேயே வந்தது. ‘இன்’-ஐ வெட்டிவிட்டு ‘ஃப்ளேமபிள்’ என்றே எழுதுங்கள் என்று அது வற்புறுத்தியது. பெட்ரோலியப் பொருள்களுக்கான நம் சட்டமோ சொல்லை நம்பாமல் தெர்மாமீட்டரை நம்பியது. ஆவி தீப்பற்றும் வெப்பநிலை 23 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருந்தால் ஏ வகுப்பு, 23 முதல் 65-க்குள் பி, அதற்கு மேல் 93-க்குள் சி. பெட்ரோல் ஏ, டீசல் பி. ஒரே டேங்கரின் அடுத்தடுத்த அறைகளில் இரண்டும் ஏறுவதுண்டு. வெளியே இருப்பது மட்டும் ஒரே ‘ஹைலி’.

இனி ஆய்வின் கடினமான பகுதி. சிவியர், கிரிட்டிகல் ஆகிய இரண்டில் எது பெரியது? அகராதியைப் புரட்டினால் பொழுதுதான் போகும். 2009-ல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தொழிற்பகுதிகளுக்கு மதிப்பெண் போட்டபோது விடை கிடைத்தது: 60 முதல் 70 வரை ‘சிவியர்லி’ மாசுபட்டது, 70-க்கு மேல் ‘கிரிட்டிகலி’. மணலி எடுத்தது 76.32. பள்ளியில் எடுத்திருந்தால் ஃபர்ஸ்ட் கிளாஸ். இங்கே, 2010 ஜனவரியில் புதிய திட்டங்களுக்குச் சுற்றுச்சூழல் அனுமதி நிறுத்திவைக்கப்பட்டது.

விவகாரம் அதோடு முடியவில்லை. அதே வாரியம் 2015 முதல் வெளியிடும் காற்றுத் தரக் குறியீட்டில் 301 முதல் 400 வரை ‘வெரி புவர்’, 401-லிருந்து ‘சிவியர்’. அதற்கு மேல் படியே கிடையாது. தொழிற்பகுதிக்கு இரண்டாமிடம் பெற்ற சிவியர் காற்றுக்கு முதலிடம் பெற்றுவிட்டது. வானிலைத் துறையோ அதே சிவியரை நடுப்படியில் உட்கார வைத்திருக்கிறது: புயல் மணிக்கு 118 கிலோமீட்டரைத் தொட்டால் ‘வெரி சிவியர்’, அதற்கும் மேலே இன்னொரு வரம்பைக் கடந்தால் ‘எக்ஸ்ட்ரீம்லி சிவியர்’. மணலியில் காற்றை அளக்கும் நிலையமும் உண்டு, புயலும் வரும். எனவே மாத்தூர்க்காரர் எந்தச் சிவியரை எந்தத் துறை சொன்னது என்று கேட்டுக்கொண்ட பிறகே பயப்பட வேண்டியிருக்கிறது.

வெரியின் பூர்வீகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பழைய பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தபோது அதன் பொருள் ‘உண்மையான’ என்பதுதான். வடசென்னையில் ‘மெய்யாலுமே’ செய்கிற வேலையை வெரி ஒருகாலத்தில் செய்துவந்தது, பிறகு தேய்ந்து வெறும் மிகுதியாகிவிட்டது. நம் ‘ரொம்ப’வும் ‘நிரம்ப’ தேய்ந்து வந்ததே. ஆனால் ரொம்ப உழைப்பாளி: ரொம்ப நல்லவன், ரொம்பப் பிடிக்கும், ரொம்பப் பேர் என்று பண்பு, வினை, எண்ணிக்கை மூன்றுக்கும் ஒரே ஆளாக நிற்கும். ஆங்கிலத்தில் இதற்கு மூன்று ஆள் வேண்டும். ‘ஐ வெரி லைக்’ என்று தமிழ்ப் பிள்ளைகள் எழுதுவதன் காரணம் இங்கேதான் இருக்கிறது. தொல்காப்பியர் மிகுதிக்கு உறு, தவ, நனி என்ற மூன்றோடு நிறுத்தினார். நன்னூலார் சால, கூர், கழி என மேலும் மூன்றைச் சேர்த்தார். செம, தாறுமாறு, வேற லெவல் ஆகியவற்றுக்கு நூற்பா எழுத இன்னும் ஆள் வரவில்லை.

பிடி கொடுக்காமல் நிற்பது ‘லைட்டா’ ஒன்றுதான். வானிலைத் துறையின் ‘லைட்’ மழைக்குக்கூட 2.5 முதல் 15.5 மில்லிமீட்டர் என்று வரம்பு உண்டு. ‘லைட்டா லேட் ஆவும்’ என்பதற்கு வரம்பில்லை. ‘லைட்டா ஸ்மெல் வருது’ என்பதும் காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது என்பதைப் பொறுத்தது. மெக்கானிக் வண்டியைக் குனிந்து பார்த்துவிட்டு “லைட்டா செலவு வெக்கும்ணே” என்றால், பேச்சை நிறுத்திவிட்டு ஏடிஎம் வரை போய்வருவது நல்லது என்பது களத்தில் திரட்டிய தகவல். இச்சொல்லுக்கு மேல் வரம்பு வகுக்க எந்த வாரியமும் இதுவரை முன்வரவில்லை.