சுக்கான் பிடித்த சட்டம்

இலங்கைப் பொலிஸாருக்குக் கண்பார்வை குறைவு என்று இனி எவரும் சொல்லக்கூடாது. 2019 மே மாதம் ஹசலக்கவில் ஒரு முஸ்லிம் பெண்ணின் உடுப்பில் அச்சடித்திருந்த சக்கரத்தை அவர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். அது கப்பலின் சுக்கான். ஆனால் பொலிஸ் நிலையத்துக்குப் போனதும் பௌத்தத்தின் தர்மச் சக்கரமாகிவிட்டது. பெண்ணைக் கைதுசெய்து இரண்டு வாரத்துக்கு மேல் விளக்கமறியலில் வைத்தார்கள். எந்தச் சட்டத்தில் என்கிறீர்கள்? சர்வதேச மனித உரிமை உடன்படிக்கைக்காக 2007இல் கொண்டுவந்த சட்டத்தில்!

அதற்கு முந்திய மாதம் இதே கண்கள் எங்கே போயிருந்தன? பின்னர் உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலை நடத்திய சஹ்ரானைப் பற்றிக் காத்தான்குடி முஸ்லிம்களே முறைப்பாடு செய்திருந்தார்கள். ஏப்ரல் தொடக்கத்தில் இந்திய உளவுத்துறையும் எச்சரித்தது. தகவல் மேசை மாறி மேசை போனது. உயிர்த்த ஞாயிறன்று கொச்சிக்கடையிலும் கட்டுவாப்பிட்டியிலும் மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும் ஹோட்டல்களிலும் 260க்கு மேற்பட்டவர்கள் செத்தார்கள். குண்டு எதிலும் சக்கரம் வரைந்திருக்கவில்லை போலும்.

காவி என்றால் கண்ணை மூடிக்கொள்ளவும் நமது அரசுக்குத் தெரியும். 2014 ஜூனில் பௌத்த பிக்கு ஞானசார தேரர் அளுத்கமையில் முஸ்லிம்களுக்கு எதிராக முழங்கினார். கையோடு முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் எரிந்தன. அதற்காகவா அவர் சிறைக்குப் போனார்? இல்லை. 2018இல் நீதிமன்றத்தை அவமதித்ததற்காகத்தான் ஆறு ஆண்டுத் தண்டனை. அதிலும் ஒன்பது மாதம் போனதும், சுக்கான் பெண் உள்ளே இருந்த அதே மே மாதத்தில், அன்றைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன மன்னிப்பு வழங்கி அவரை வெளியே விட்டார். 2021இல் அடுத்த ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச ஒரு படி மேலே போய் ‘ஒரே நாடு ஒரே சட்டம்’ செயலணிக்கு அவரையே தலைவராக்கினார். பாலுக்குப் பூனையைக் காவல் வைத்த கதைதான்.

2018இல் அம்பாறையில் முஸ்லிம் சாப்பாட்டுக் கடையொன்றில் நடந்ததையும் மறந்துவிடாதீர்கள். உணவில் கிடந்த கட்டியை மலட்டு மாத்திரை என்று கும்பல் கத்தியது. சிங்களம் சரியாக விளங்காத காசாளர் மிரண்டுபோய்த் தலையாட்டினார். அதையே வாக்குமூலமாக வீடியோ எடுத்துப் பரப்பினார்கள். அன்றிரவே பள்ளிவாசல் தாக்கப்பட்டது. பிறகு அரச பகுப்பாய்வாளர் சோதித்துச் சொன்னார்: மாக்கட்டி.

பௌத்தத்துக்கு முதன்மை இடம், அதைப் பேணுவது அரசின் கடமை என்கிறது அரசியலமைப்பின் 9ஆம் உறுப்புரை. 2,500 ஆண்டுகள் அரசுகள் பல சரிந்தும் நிலைத்த தர்மத்துக்கு, ஹசலக்க பொலிஸ் பாதுகாப்பு எதற்கு? புத்தரே அரண்மனையை விட்டு வெளியேறியவர். நம்மவர்கள் அவரை விடாமல் இழுத்துவந்து அமைச்சரவையில் உட்காரவைத்திருக்கிறார்கள். அரசு காக்க வேண்டியது கும்பிடுகிறவனையும் கும்பிடாதவனையும். எரிக்கிறவன் காவி கட்டினாலும் தொப்பி போட்டாலும் விலங்கு ஒன்றுதான் இருக்க வேண்டும்.

எச்சரிக்கை கிடைத்தும் உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலைத் தடுக்கத் தவறியதற்காக, சிறிசேன சொந்தப் பணத்தில் 10 கோடி ரூபாய் நட்டஈடு கட்ட வேண்டும் என்று 2023இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் 9ஆம் உறுப்புரையில் கைவைக்க இன்றுவரை எந்த அரசுக்கும் துணிச்சல் வரவில்லை.