துவக்கு பார்க்கும் திசை

ஆடி அமாவாசை என்றால் கிழக்கிலங்கையின் தம்பிலுவில்லில் வீட்டுக்கு ஓர் ஆள் காவலுக்கு நின்றாலே பெரிய காரியம். மற்ற எல்லோரும் திருக்கோவில் சித்திரவேலாயுத சுவாமி கோவில் கடற்கரையில்தான். பெரியவர்கள் பிதிர்க்கடன் முடித்துத் தீர்த்தமாடி வரும்வரை பிள்ளைகளுக்குக் கடைத்தெருவே உலகம். கச்சான் கடை, காப்புக் கடை, விளையாட்டுச் சாமான் கடை எல்லாவற்றையும் தாண்டி என் கால்கள் போய் நிற்கும் இடம் பலூன் சுடுகிற கடை. படங்கு ஒன்றை இழுத்துக் கட்டி அதில் வரிசை வரிசையாகப் பலூன் குத்தியிருப்பார்கள். முன்னால் ஒரு மேசை. மேசையில் பிடி தேய்ந்த எயார் ரைபிள் ஒன்று.

சுடுவதற்கு எனக்குச் சொல்லித் தந்தது மாமா. “முதல் குண்ட பலூனுக்கு வைக்காத மனே. படங்கில ஒரு புள்ளியப் பார்த்து வை. எங்க போகுதெண்டு பாரு” என்றார். பார்த்தேன். புள்ளிக்கு இடப்பக்கம் மூன்று விரல் தள்ளிப் போய்க் குத்தியது. “இது இடப்பக்கம் இழுக்குது. இனி பலூனுக்கு வலப்பக்கம் மூண்டு விரல் தள்ளிப் பிடி.” அடுத்த குண்டுக்கு ஒரு சிவப்புப் பலூன் வெடித்தது. மற்றப் பெடியன்கள் துவக்கைக் குறை சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில், அதன் குறையை அளந்து, அந்த அளவையே கணக்காக வைத்துச் சுடலாம் என்று ஒரு வயற்காரர் எனக்குப் படிப்பித்தார்.

மாமாவிடம் சொந்தமாக லைசன்ஸ் துவக்கு இருந்தது. எழுபதுகளின் கடைசியில் எங்கள் பக்கத்தில் வயற்காரர் வீடுகளில் அது அரிதல்ல. சாகாமம் பக்கத்து வயலில் கதிர் முற்றும் காலத்தில் பன்றி இறங்கும், யானையும் வரும். 1916ஆம் ஆண்டின் சுடுகலன் கட்டளைச் சட்டத்தின்படி ஆண்டுதோறும் லைசன்ஸ் புதுப்பிக்க வேண்டும். மாமா அதற்கென்று வெள்ளை வேட்டி உடுத்திக் கச்சேரிக்குப் போய் வருவார். தோட்டா விலை கூடியது என்பதால் அவர் வைத்த வெடிகளில் பெரும்பாலானவை வானத்துக்குத்தான். சத்தத்துக்கே பன்றி ஓடிவிடும். வீட்டில் துவக்கு எண்ணெய்த் துணியில் சுற்றி அலுமாரிக்கு மேலே கிடக்கும். தோட்டா வேறு அறையில், பெட்டிக்குள். துடைக்க எடுக்கும்போது நாங்கள் பக்கத்தில் இருந்தால், குழலைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு ஒவ்வொரு முறையும் ஒரே வார்த்தை சொல்வார்: “சும்மாவும் ஆளப் பார்த்துப் பிடிக்கப்படாது. வெறுந்துவக்குத்தான் ஆளக் கொல்லும்.”

எண்பதுகளின் நடுப்பகுதியில் ஓர் இரவு ஆயுத இயக்கப் பெடியன்கள் வந்து அந்தத் துவக்கை வாங்கிக்கொண்டு போனார்கள். ஊரில் லைசன்ஸ் வைத்திருந்த மற்றவர்களுக்கும் அதுதான் நடந்தது. பன்றிக்கு வெடி வைத்தவர்களிடம் துவக்கு இல்லாமல் போன அதே காலத்தில், தெருவெல்லாம் துவக்கு ஆனது. முகாம் வாசலில், காவலரணில், சைக்கிளில் போகிறவனின் தோளில், பஸ்ஸை மறித்து ஏறுகிறவனின் கையில். துவக்கு வைத்திருந்தவர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். குழல் மட்டும் எப்போதும் எங்கள் பக்கமே பார்த்தது. சோதனைச் சாவடியில் அடையாள அட்டையை நீட்டும்போது எதிரில் நிற்பவனின் முகத்தைப் பார்க்க மாட்டேன். நெஞ்சு மட்டத்தில் நிற்கும் அந்தச் சின்ன வட்டத் துளையைத்தான் பார்ப்பேன். திருவிழாக் கடைத்தெருவில் பலூன் கடை வராமல் போனது. தம்பியின் பிளாஸ்டிக் துவக்கை அம்மா அடுப்பில் போட்டுக் கொளுத்தினார். ரோந்து வருகிறவனுக்குத் தூரத்தில் பிளாஸ்டிக்கும் இரும்பும் ஒன்றுதானே என்பது அவருடைய பயம். அந்தப் பயத்தில் நியாயம் இருந்தது. 1990 ஜூனில் எங்கள் கரை முழுவதும் இரத்தக்களரியானது. அக்காவின் மூத்த மகன் அந்த ஆண்டில் வீட்டை விட்டுப் போனவன் திரும்பவே இல்லை. கொஞ்சக் காலத்தில் நானும் ஊரை விட்டுப் புறப்பட்டு லண்டன் வந்து சேர்ந்தேன்.

இனி இன்றைய கதை. என் மகள் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த முதல் ஆண்டிலேயே ரைபிள் கழகத்தில் பெயர் கொடுத்துவிட்டாள். சொன்னதும் எனக்குக் கோபமும் பயமும் ஒன்றாக வந்தன. “ஒருக்கா வந்து பாருங்க அப்பா, மறுகா வேணாமெண்டு சொல்லுங்க” என்றாள். போனேன்.

நிலத்துக்குக் கீழே நீண்ட ஒடுங்கிய மண்டபம். ஒரு முனையில் பாய்கள். மறு முனையில், 25 யார் தொலைவில், விளக்கு வெளிச்சத்தில் காகித அட்டைகள். அங்கே நான் முதலில் கவனித்தது துவக்கை அல்ல, அது பார்க்கும் திசையை. உறையிலிருந்து எடுக்கும் கணத்திலிருந்து திரும்ப வைத்துப் பூட்டும்வரை குழல் அட்டைப் பக்கம் மட்டுமே பார்க்கிறது. “நிறுத்து” என்று பொறுப்பாளர் சொன்னால் எல்லோரும் கையை எடுத்துவிட வேண்டும். போல்ட்டைத் திறந்து, உள்ளே ரவை இல்லை என்று மற்றவர் கண்ணுக்கும் தெரிய, நிறமான பிளாஸ்டிக் கொடி ஒன்றைச் செருகி வைக்க வேண்டும். அதன் பிறகுதான் அட்டையை எடுக்க ஆள் போகலாம். மாமா அலுமாரிக்கு முன்னால் நின்று சொன்ன அதே சட்டம். சுடப் பழகுபவர்கள் நிறைந்த அந்த அறையில், ஒரு குழல்கூட என் நெஞ்சை நோக்கி ஒரு முறையும் திரும்பவில்லை. துவக்குகளுக்கு நடுவில் பயமில்லாமல் நான் நின்றது வாழ்க்கையில் அன்றுதான்.

இந்த நாட்டுக்காரருக்கும் துவக்கின் மறுமுகம் தெரியும். 1996இல் ஸ்கொட்லாந்தின் டன்பிளேன் பள்ளிக்கூடத்தில் 16 சிறு பிள்ளைகளும் அவர்களின் ஆசிரியரும் கொல்லப்பட்டார்கள். அதன் பின் கைத்துப்பாக்கிகளை அநேகமாக முற்றாகவே தடை செய்தார்கள். சின்ன ரைபிள் கட்டுப்பாட்டோடு தப்பியது. உள்துறை அமைச்சு அனுமதித்த கழகம், மூன்று மாதமாவது தகுதிகாண் உறுப்புரிமை, பொலிஸின் விசாரணை, பூட்டிய இரும்புப் பெட்டி. கச்சேரிக்கு வெள்ளை வேட்டியோடு போன மனுசனுக்கு இந்த ஒழுங்கு பிடித்திருக்கும்.

இந்த விளையாட்டுக்கு உரிய ரவை .22 லோங் ரைபிள். 1887இல் அமெரிக்காவில் வந்தது. முழு நீளம் ஓர் அங்குலம்தான். ஈயக் குண்டின் எடை 2.6 கிராம், விட்டம் ஏறக்குறைய 5.6 மில்லிமீற்றர். பெரிய ரவைகளில் தீ மூட்டும் மருந்து அடித்தட்டின் நடுவில் தனிக் கிண்ணத்தில் இருக்கும். இதில் அது அடிவிளிம்பின் மடிப்புக்குள்ளேயே பூசப்பட்டிருக்கிறது. ஊசி விளிம்பை நசுக்கினால் தீ பிடிக்கும். இதனால் ரவை மலிவு, உதைப்பு இல்லை என்றே சொல்லலாம், சத்தமும் அடக்கம். பத்து வயதுப் பிள்ளையும் தோள் நோகாமல் பழக முடிகிறது.

போட்டி ரவையின் குண்டை ஒலியின் வேகத்துக்குச் சற்றுக் குறைவாகவே, வினாடிக்கு 330 மீற்றருக்கு உட்பட்டுத்தான் செலுத்துகிறார்கள். ஒலியை மிஞ்சிப் புறப்படும் குண்டு, வழியில் வேகம் குறைந்து ஒலியின் வேகத்தைக் கடக்கும் இடத்தில் தளம்பிவிடும். நேராகப் போவதற்காக மெதுவாகப் போகிறது. பேர்மிங்ஹாம் பக்கத்தில் ஈலி என்ற தொழிற்சாலை டெனெக்ஸ் என்ற உயர்தர ரவையைச் செய்கிறது. அதிலும் தொகுதிக்குத் தொகுதி சின்ன வித்தியாசம் உண்டு. பெரிய போட்டியாளர்கள் தங்கள் ரைபிளைக் கொண்டுபோய், எந்தத் தொகுதி தங்கள் குழலுக்கு ஒத்துப்போகிறது என்று சுட்டுப் பார்த்து வாங்குகிறார்கள். துவக்கின் குணத்தை முதலில் அறிந்துகொள் என்ற பலூன் கடைப் பாடம்தான் இதுவும்.

சில வாரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, விருந்தினருக்கான நாளில் நானும் பாயில் படுத்தேன். இடக்கையில் வார் இறுக்கி, ரைபிளின் பாரத்தை எலும்பில் தாங்க வைத்தார் பயிற்றுநர். பின் துளையினூடாக முன் வளையம், அதன் நடுவில் அட்டையின் கறுப்பு வட்டம், வட்டத்துக்குள் வட்டமாகத் தெரிகின்றன. “இப்போது கண்ணை மூடுங்கள், மூச்சை விடுங்கள், திறங்கள்” என்றார். திறந்தபோது கறுப்பு வட்டம் வளையத்துக்கு வெளியே போயிருந்தது. கையால் இழுத்துக் கொண்டுவரப் போனேன். அவர் விடவில்லை. கையால் இழுத்தால் விசையை அழுத்தும் நேரத்தில் தசை தளர்ந்து பழைய இடத்துக்கே போய்விடுமாம். இடுப்பை ஒரு விரற்கடை நகர்த்தி, முழு உடம்பையும் இலக்குக்கு நேராக வைத்துவிட வேண்டும். நகர்ந்தேன். மறுபடி கண்ணை மூடித் திறந்தேன். கறுப்பு, வளையத்தின் நடுவில் தானாக வந்து நின்றது.

அப்போது வேறொன்றும் தெரிந்தது. வளையம் மெல்லத் துடித்தது. வாரின் வழியாக என் நாடித் துடிப்பு ரைபிளுக்குப் போகிறது. மூச்சைப் பாதி விட்டு நிறுத்தி, அந்தத் துடிப்பு அடங்கும் இடைவெளியில் விசையைச் சீராக அழுத்த வேண்டும். வெடித்த பிறகும் அசையாமல் குறியைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். கோபத்தோடு இதைச் செய்ய முடியாது, அவசரத்தோடும் முடியாது. நான் அறிந்த துவக்குகள் எல்லாம் இந்த இரண்டோடும்தான் என் முன்னால் வந்தன.

இந்தக் கழகங்களின் பிறப்பும் போரில்தான். தென்னாபிரிக்காவில் போயர் விவசாயிகளின் குறி தவறாத சூட்டில் பிரித்தானியப் படை பட்ட பாடு பெரிது. அதைக் கண்ட லோர்ட் ரொபேர்ட்ஸ், தொழிலாளர்களும் சுடப் பழக வேண்டும் என்று ஊக்கிய இயக்கம் 1901இல் தொடங்கியது. நகரத்து மண்டபங்களில் பழக மலிவான சின்ன ரவை வாய்ப்பாக இருந்தது. பிடிபட்ட போயர்களில் ஏறத்தாழ 5,000 பேரை 1900 முதல் இலங்கைக்குத்தான் கொண்டு வந்தார்கள். பெரிய முகாம் தியத்தலாவையில் இருந்தது. அந்தப் போருக்காகத் தொடங்கிய பழக்கம் இன்று என் மகளுக்கு வியாழக்கிழமை மாலை விளையாட்டு. சில தலைமுறையில் துவக்கிலிருந்து பகை கழன்றுபோக முடியும் என்பதற்கு இது கண்கண்ட சாட்சி.

அக்காவுக்குத் தொலைபேசியில் சொன்னபோது அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “தம்பி, துவக்குக்குப் பயந்துதானே ஊர விட்டுப் போனாய். இப்ப பிள்ளையும் துவக்குப் பிடிக்கிறாளாமே. என்னத்துக்கு?” என்றார். பிள்ளையைத் துவக்குக்குக் கொடுத்த தாய் கேட்ட கேள்வி அது. அவசரமாகப் பதில் சொல்ல எனக்கு உரிமையில்லை. நாளெடுத்து யோசித்துத்தான் இதை எழுதுகிறேன்.

நாடு போரில் கிடந்த 1994இல், கனடாவின் விக்டோரியா நகரில் நடந்த பொதுநலவாய விளையாட்டு விழாவில் இலங்கைக்கு ரைபிள் இரட்டையர் தங்கம் வென்று தந்தவர்கள் மாலினி விக்கிரமசிங்கவும் புஷ்பமாலி ராமநாயக்கவும். டோக்கியோ ஒலிம்பிக்கில் 10 மீற்றர் எயார் ரைபிளில் இலங்கைக்காக நின்றவர் தெஹானி எகொடவெல. கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 2019இல் ரியோ உலகக் கிண்ணப் போட்டியில் அதே பிரிவில் தங்கம் வென்றார். மகாராஷ்டிரத்து ரயில்வே ஊழியர் சுவப்னில் குசாலே 2024இல் பாரிஸில் 50 மீற்றர் ரைபிள் போட்டியில் முழந்தாளிட்டும் படுத்தும் நின்றும் சுட்டு வெண்கலம் எடுத்தார். அவர் கையில் இருந்ததும் அதே .22தான். அந்தத் தூரத்தில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 10.4 மில்லிமீற்றர். எங்கள் கரைப் பிள்ளைகளிடம் இல்லாத எதுவும் இவர்களிடம் இல்லை. கற்றுக்கொடுக்க ஆளும் பழக இடமும் மட்டும் கிடைத்திருந்தன.

.22 ரைபிளுக்கு எங்கள் பக்கத்தில் காலம் வரட்டும். எயார் ரைபிளுக்கு 10 மீற்றர் நீளம் போதும். தம்பிலுவில்லிலும் திருக்கோவிலிலும் அக்கரைப்பற்றிலும் கல்முனையிலும் பள்ளிக்கூட மண்டபங்கள் அதைவிட நீளமானவை. குண்டைப் பிடிக்க இரும்புப் பெட்டி, சட்டப்படி எடுத்த அனுமதி, இரட்டைப் பூட்டு அறை, பயிற்சி பெற்ற ஒரு பொறுப்பாளர், நாலைந்து ரைபிள். தமிழ்ப் பிள்ளையும் முஸ்லிம் பிள்ளையும் சிங்களப் பிள்ளையும் பக்கத்துப் பக்கத்துப் பாதையில் நின்று, ஒரே திசையைப் பார்த்துச் சுடட்டும். எங்கள் தலைமுறை துவக்கின் எதிர்ப்பக்கத்தில் நின்று வளர்ந்தது. அவர்கள் அதன் பின்பக்கத்தில் நின்று, தங்கள் மூச்சையும் நாடியையும் அடக்கப் பழகட்டும்.

அப்படி ஒரு மண்டபம் திறக்கும் நாளில் முதல் வரிசைக் கதிரைகளைப் பிரமுகர்களுக்குப் போட வேண்டாம். அக்காவைப் போன்ற தாய்மாருக்குப் போடுங்கள். ஒவ்வொரு விதியும் எதற்கென்று அவர்களுக்கு விளக்குங்கள். அவர்கள் முழுதாகப் பார்த்து முடித்த பிறகு, பிள்ளைகள் பழகலாமா என்று அவர்களிடமே கேளுங்கள். வேண்டாம் என்றால் பூட்டிவிடுவோம். சரி என்றால், அந்தச் சொல்லைவிடப் பெரிய லைசன்ஸ் எங்கள் ஊரில் வேறில்லை.