பாத்துக் குடுங்க

எங்கள் தெருவில் விலை ஏறாத சரக்கு ஒன்றே ஒன்றுதான். நம்ம டிசைனர்.

திருவல்லிக்கேணியில் ஒரு மாடி அறை, ஒரு கணினி, ஓடும்போதெல்லாம் "மாட்டேன், மாட்டேன்" என்று தலையாட்டும் ஒரு மேசை விசிறி. அவருடைய நிறுவனம் இவ்வளவே. அந்த அறையிலேயே மறுக்கத் தெரிந்தது அந்த விசிறி ஒன்றுதான். லோகோ, விசிட்டிங் கார்டு, கல்யாணப் பத்திரிகை, கடைத் திறப்பு ஃப்ளெக்ஸ், கண்ணீர் அஞ்சலி என்று ஜனனம் முதல் மரணம் வரை எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரு டிசைன் உண்டு. தொழிலில் சுத்தம். 'ழ'வின் வால் ஒரு மயிரிழை கூடுதலாக நீண்டால் அன்று ராத்திரி தூங்க மாட்டார். ஆனால் வேலையெல்லாம் முடிந்து, வந்தவர் "எவ்வளவு ஆச்சு?" என்று கேட்டுவிட்டால் போதும். பார்வை விசிறிக்குப் போகும். தொண்டையைச் செருமிக்கொள்வார். இல்லாத தூசியை மௌஸிலிருந்து துடைப்பார். கடைசியில் அந்த வாசகம் வரும்: "நீங்களே பாத்துக் குடுங்க சார்."

எதைப் பார்த்து? வந்தவர் வேலையைப் பார்ப்பதில்லை, இவர் முகத்தைப் பார்க்கிறார். அதில் ஐந்நூறு என்று தெளிவாக அச்சாகியிருக்கிறது.

முனை டீக்கடையில் "விலைவாசி உயர்வு காரணமாக இன்று முதல் டீ 15 ரூபாய்" என்று ஓர் அறிவிப்புத் தொங்குகிறது. எழுத்து கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம்போல் இருக்கும். அதைச் செய்தவர் நம்மவர்தான். கூலி ஒரு டீ, பழைய விலைக்கணக்கில். சலூன் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் புதுக் கட்டணப் பட்டியல், இஸ்திரி வண்டியில் தொங்கும் "சட்டை, பேன்ட் புது ரேட்" அறிவிப்பு, டியூஷன் சென்டரின் கட்டணச் சுற்றறிக்கை எல்லாம் அவர் கைவண்ணம். தெரு முழுக்க விலையேற்றத்துக்கு மாவிலைத் தோரணம் கட்டிக் கொடுத்த மனிதர், தன் வாசலில் மட்டும் கட்டவில்லை.

சென்னையில் ஆட்டோவுக்கு முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய் என்று அரசு நிர்ணயித்தது 2013 ஆகஸ்டில். அதே வருஷம்தான் இவரும் லோகோவுக்கு 1500 ரூபாய் என்று நிர்ணயித்தார். எங்கள் முனை ஆட்டோக்காரரிடம் அந்த 25 ரூபாயைப் பற்றிக் கேட்டால், ஏதோ சோழர் காலத்துக் கல்வெட்டைப் படித்துக் காட்டியதுபோலப் பார்ப்பார். ஒரு சவாரிக்கு இருநூறு என்று சொல்லும்போது அவர் கண்ணிமைகூட அசையாது. நம்மவர் அந்த ஆட்டோவில் ஏறி இருநூறு கொடுத்து இறங்கி, ஒரு கம்பெனிக்குப் போய், "டிராவல் செலவெல்லாம் வேணாம் சார், பக்கம்தானே" என்று சொல்லிவிட்டு வந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

ரேட்டை ஏற்ற வேண்டும் என்ற எண்ணமே அவருக்கு இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். வருஷம் முழுக்க அதே எண்ணம்தான். நாள்தான் அமையவில்லை. ஆடியில் ஊரே தள்ளுபடி கொடுக்கும்போது ஏற்றுவது அழகா? ஆவணியில் முகூர்த்தம் ஆரம்பம், வருகிற பார்ட்டியை விரட்டக்கூடாது. ஐப்பசியில் தீபாவளி, அவனவன் போனஸ் போடுகிற கவலையில் இருப்பான். மார்கழியில் நல்ல காரியம் எதையும் தொடங்கக்கூடாது. தை பிறந்தால் வழி பிறக்கும் என்று காத்திருந்தால், மாசி பங்குனியில் எல்லாரும் "மார்ச் க்ளோசிங் தம்பி" என்கிறார்கள். சித்திரை வைகாசியில் பள்ளிக்கூட ஃபீஸ் கட்டி ஊரே கையைப் பிசைந்துகொண்டிருக்கும். ஆனியில் கொஞ்சம் இடம் இருக்கிறது. ஆனால் அடுத்தது ஆடி.

அவர் தொகையை முடிவு செய்வது வேலையின் அளவு அல்ல, உறவுமுறை. "சார்" என்று கூப்பிட்டவருக்கு முழு ரேட். "தம்பி" என்றால் கால்வாசி போச்சு. "நீ நம்ம வீட்டுப் பிள்ளை மாதிரிப்பா" என்றால் பாதி. "மாப்ள" என்று யாராவது தோளில் கை போட்டுவிட்டால் இலவசம், கூடவே டீயும் இவர் செலவு. இது தெரிந்த ஜவுளிக்கடை முதலாளி ஒருவர், வாசற்படி ஏறும்போதே "என்னா மாப்ள" என்றுதான் ஏறுவார்.

ஒரே ஒரு முறை துணிந்து ஏற்றினார். மாதம் 3000 ரூபாய்க்கு வேலை கொடுத்துவந்த ஒரு கம்பெனி, திடீரென்று டிடிஎஸ் என்று பத்து சதவீதம் பிடித்துக்கொண்டது. முந்நூறு குறைகிறதே என்று இவர் முந்நூறைக் கூட்டி 3300 என்று பில் போட்டார். அவர்கள் 3300-இல் பத்து சதவீதம் பிடித்து 2970 அனுப்பினார்கள். சரித்திரப் புகழ் பெற்ற அந்தக் கட்டண உயர்வில் அவருக்கு நிகர நஷ்டம் முப்பது ரூபாய். வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்தால் பிடித்த பணம் திரும்ப வரும் என்றேன். ஆடிட்டரிடம் போனார். ஆடிட்டர் "என் ஃபீஸ் 2500" என்று மூச்சு விடாமல் சொன்னாராம். "எப்படி சார் அவ்வளவு ஈசியா சொல்லிட்டாரு!" என்று ஒரு வாரம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார்.

மனம் தளரும்போது அவர் ஓதும் புராணம் ஒன்று உண்டு. 1971-இல் கரோலின் டேவிட்சன் என்ற மாணவி நைக்கி கம்பெனிக்கு அந்தச் சுழித்த கோட்டை வரைந்து கொடுத்தார். மணிக்கு இரண்டு டாலர், மொத்தம் பதினேழரை மணி நேரம், ஆக 35 டாலர். "அவங்களே அவ்வளவுதான் சார் வாங்கினாங்க" என்பார். 1983-இல் கம்பெனி அவருக்குத் தன் பங்குகளைக் கொடுத்த மிச்சக் கதையை நான்தான் சொல்ல வேண்டும். கூடவே பால் ராண்ட் கதையையும் சொன்னேன். 1986-இல் ஸ்டீவ் ஜாப்ஸின் நெக்ஸ்ட் கம்பெனிக்கு லோகோ செய்ய ஒரு லட்சம் டாலர் வாங்கியவர். நாலைந்து மாதிரி காட்டுங்கள் என்று ஜாப்ஸ் கேட்டதற்கு, ஒன்றுதான் தருவேன், பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் பணம் வந்தாக வேண்டும் என்றாராம். நம்மவர் வாயைத் திறந்தபடி கேட்டார். அவர் 1500 ரூபாய்க்குப் பன்னிரண்டு மாதிரி காட்டுகிறவர். 'ஃபைனல்', 'ஃபைனல் 2', 'ஃபைனல் ஃபைனல்', 'சத்தியமா ஃபைனல்' என்று ஃபைல்கள் அணிவகுத்து நிற்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து கணக்குப் போட்டோம். வாடகை, கரன்ட், சாப்பாடு, பையன் படிப்பு, மருந்து எல்லாம் சேர்த்து மாதம் 45,000. வேலை நாள் 25. பார்ட்டி பின்னால் அலைவதும் போனில் கெஞ்சுவதும் போக, காசாகிற நேரம் நாளுக்கு நாலு மணிதான். ஆக நூறு மணி நேரம், மணிக்கு 450. திருத்தங்களோடு சேர்த்து ஒரு லோகோ பதினாலு மணி நேரம் தின்கிறது, அப்படியென்றால் 6300. இவர் வாங்குவது 1500. தோஷ ஜாதகத்தைப் பார்ப்பதுபோல அந்தக் காகிதத்தைப் பார்த்தார். "இது யாரோட கணக்கு சார்?"

அந்த வாரமே ஒரு புது ஆளிடம் போனில், கண்ணை மூடிக்கொண்டு, "மூவாயிரம்" என்றார். அந்தப் பக்கம் "ஓகே" என்றது. அவ்வளவுதான். பேரமும் இல்லை, பெருமூச்சும் இல்லை. இவருக்கு இரண்டு நாள் தூக்கம் போயிற்று. "அஞ்சு சொல்லியிருக்கலாமோ?"

வாயால் சொல்ல வராது, எழுத்தில் சொல்லிவிடுங்கள் என்று நான்தான் யோசனை சொன்னேன். ரேட் கார்டு தயாராயிற்று. எழுத்துரு தேர்வு செய்ய மூன்று வாரம். மூவாயிரத்தின் மூன்று கொஞ்சம் அதட்டுகிற மாதிரி இருக்கிறது என்று அதன் வயிற்றைக் குறைத்தார். அதற்கு நடுவில் என் அண்ணனின் மணிவிழா அழைப்பிதழையும் முடித்துக் கொடுத்தார். எவ்வளவு என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. நமக்குள் என்ன?

போன வெள்ளிக்கிழமை ராத்திரி வாட்ஸ்அப்பில் அந்தக் கார்டு எல்லாருக்கும் போயிற்று. ஜவுளிக்கடை முதலாளி, "சூப்பர் மாப்ள, இதே மாதிரி நம்ம கடைக்கும் ஒண்ணு போடு" என்று பதில் அனுப்பினாராம். எனக்கும் வந்தது. 'அழைப்பிதழ்: 2500.' நண்பர்களுக்குச் சலுகை என்று அடியில் பொடி எழுத்தில் ஏதாவது இருக்கிறதா என்று பெரிதாக்கிப் பார்த்தேன். இல்லை. "டிசைன் பிரமாதம்" என்று பதில் போட்டு, கைகூப்பும் படத்தையும் சேர்த்தேன்.

காலையில் போன்.

"கார்டு பாத்தீங்களா சார்?"

"பாத்தேன், பாத்தேன். அருமை!"

தொண்டையைச் செருமும் சத்தம் கேட்டது. பின்னால் விசிறி கடகடத்தது.

"பாத்தாச்சுல்ல? அப்ப குடுங்க சார்."