செம்புத் தகட்டில் ஏறிய முகம்

கேள்வி (மேலமாசி வீதி வாசகர்): மதுரை மன்னர் திருமலை நாயக்கர் அவ்வூர்ப் புதுமண்டபத் தூணில் தம் உருவத்தைக் கல்லில் நிறுத்திய காலத்தில், ஆலந்து ஓவியர் ரெம்பிராண்ட் எதில் முகம் வரைந்துகொண்டிருந்தார்?

பதில்: செம்பில். நாயக்கர் 1623 முதல் 1659 வரை ஆண்டவர். ரெம்பிராண்ட் 1606 முதல் 1669 வரை வாழ்ந்தவர். ஆம்ஸ்டர்டாம் செல்வரும் தம் நண்பருமான யான் சிக்ஸ் சன்னலில் சாய்ந்து படிக்கும் கோலத்தை அவர் 1647இல் தகட்டில் ஏற்றினார். நாயக்கர் தேவியருடன் கைகூப்பி நிற்கிறார். சிக்ஸோ பார்ப்பவரை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை.

கேள்வி (திருமங்கலம் வாசகர்): எவர்சில்வர் குடத்தில் பெயர் வெட்டுவதும் இதுவும் ஒன்றுதானே?

பதில்: பெயர் வெட்டுபவர் உலோகத்தையே வெட்டுகிறார். ‘எச்சிங்’ என்னும் இம்முறையிலோ, தகட்டில் மெழுகுக் கலவையைப் பூசி, ஊசியால் அந்தப் பூச்சை மட்டும் கீறி, தகட்டை அமிலத்தில் இட, செம்பு வெளிப்பட்ட இடங்களை அமிலம் அரித்துப் பள்ளமாக்குகிறது. பள்ளத்தில் மை நிரப்பி, ஈரத்தாளை வைத்து அழுத்தினால் படம் இடவலம் மாறிப் பதியும். சிக்ஸ் படத்தில் தகட்டையே ஊசியால் நேராகக் கீறும் ‘டிரைபாயிண்ட்’ முறையும் கலந்துள்ளது. அக்கீறலின் ஓரத்தில் எழும் உலோகப் பிசிறு மையைப் பிடித்து அடர்ந்த கருமையைத் தரும். ஆனால் அச்சு இயந்திரத்தின் அழுத்தத்தில் விரைவில் தேய்ந்துவிடும்.

கேள்வி (மேலூர் வாசகர்): ஒரே தகட்டில் பல பிரதிகள் வருமென்றால், சேகரிப்பாளர்கள் எதற்காக அடித்துக்கொள்கிறார்கள்?

பதில்: பிசிறு தேயுமுன் எடுத்த பிரதி எது என்பதற்காகத்தான். ரெம்பிராண்ட் தகட்டைத் திருத்தித் திருத்தி அச்சிடுவார். ஒவ்வொரு திருத்தமும் ஒரு ‘நிலை’ எனப்படும். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி கொண்டுவந்த ஜப்பானியத் தாளில் எடுத்த பிரதிகளுக்குத் தனி மதிப்பு. தாளின் பின்புறம் பழைய உடைமையாளர்கள் இட்ட முத்திரைகளைக் கொண்டு, படம் யார் யார் கைமாறி வந்தது என்று அறியலாம். அம்முத்திரைகளைத் தொகுத்து ஃபிரிட்ஸ் லுக்ட் 1921இல் ஒரு பெருநூலே வெளியிட்டார். சிக்ஸின் தகடு அவர் குடும்பத்திலேயே தங்கியது. மற்றவற்றுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை: பல தகடுகள் 18ஆம் நூற்றாண்டில் பாரிஸ் வணிகர் பாசானிடம் சேர்ந்து, தேயத் தேய அச்சிடப்பட்டன; புகழ்பெற்ற ‘நூறு கில்டர் படத்தின்’ தகட்டை வாங்கிய கேப்டன் பெய்லி, அதைத் திருத்தி அச்சிட்டபின் துண்டுகளாக வெட்டியும் தீர்த்தார். திருப்பணி என்ற பெயரில் பழைய தூண்களை மணலடித்துத் தேய்த்தோர் அவரைக் குறைசொல்ல இயலாது.

கேள்வி (உசிலம்பட்டி வாசகர்): ரெம்பிராண்டும் சேகரித்தாரா?

பதில்: கடனாளியாகும் அளவுக்கு. 1656இல் நொடித்துப்போன அவர் சேகரித்த அச்சுப் படங்களும் கோட்டோவியங்களும் 1658இல் ஏலத்தில் அற்ப விலைக்குப் போயின. அதே 1658இல்தான் டச்சுக்காரர்கள் தூத்துக்குடியைப் போர்த்துகீசியரிடமிருந்து கைப்பற்றினர். அவர்கள் நாட்டின் வரவுசெலவு எல்லார் வீட்டிலும் ஒரே மாதிரி இல்லை.

கேள்வி (அழகர்கோவில் வாசகர்): மதுரை இவ்வாறு தகட்டில் ஏறியதுண்டா?

பதில்: உண்டு. 1792இல் மதுரைக்கு வந்த தாமஸ் டேனியலும் அவருடைய உடன்பிறந்தாரின் மகன் வில்லியமும் வெளியிட்ட ‘ஓரியண்டல் சீனரி’யின் 144 படங்களுள் புதுமண்டபமும் ஒன்று. அவை ‘அக்குவாடின்ட்’ வகை. பிசின்பொடி தூவிய தகட்டை அமிலத்தில் இட்டு, கோடுகளுக்குப் பதிலாக நிழற்பரப்புகளைப் பெறும் முறை. அம்மண்டபத்தை நெடுங்காலம் ஆண்ட தையல் இயந்திரங்களைப் படத்தில் தேட வேண்டாம். அவை அப்போது உலகில் எங்குமே புழக்கத்துக்கு வரவில்லை.